விளம்பரத்தில் வந்த தம்பி

காயல்பட்டினத்தில் இருக்கும் என் உம்மாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. "டிவி பாக்குறதுக்கா அந்த ஊர்ல சம்பளம் தர்றாங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்கள். ஒருவகையில் அது உண்மைதான்.

ஷார்ஜா தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஒரு டயர் குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். காலை ஏழு மணிக்கு டூட்டி. அமெரிக்காவில் முந்தின நாள் டிவியில் ஓடிய அரசியல் விளம்பரங்கள் எல்லாம் அதற்குள் எங்கள் கம்ப்யூட்டரில் வந்து இறங்கியிருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். யார் காசு கொடுத்தது, எந்த வேட்பாளருக்கு ஆதரவு, யாருக்கு எதிர்ப்பு, எந்தப் பிரச்சினை, யார் யார் முகம் காட்டுகிறார்கள், தொனி என்ன. தொனிக்கென்று ஒரு பட்டியல் இருக்கும்: பயம், கோபம், சோகம், பெருமை, நம்பிக்கை. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்தது துப்பாக்கிப் பிரிவு. துப்பாக்கி வைத்துக்கொள்வது எங்கள் உரிமை என்று சொல்லும் அமைப்புகள் ஒரு பக்கம். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று சொல்லும் அமைப்புகள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் சட்டம் போடுகிறவர்களைத் தங்கள் பக்கம் இழுப்பதற்காகக் காசைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். எந்த ஊரில், எந்தத் தொகுதியில், யாரைத் தோற்கடிக்க எத்தனை தடவை ஒரு விளம்பரம் ஓடியது என்று நாங்கள் குறித்துக் கொடுத்தால், இன்னொரு ஆபீஸில் அதைக் காசாகக் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கைப் பத்திரிகைகள் வாங்கும், கல்லூரிகள் வாங்கும், அந்த இரண்டு பக்கத்து அமைப்புகளுமே வாங்கும். எதிராளி எங்கே கொட்டுகிறான் என்று தெரிந்தால்தானே தான் எங்கே கொட்டுவது என்று முடிவு பண்ண முடியும்.

ஒரு விளம்பரத்தை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒருவர் படிவத்தை நிரப்ப, மற்றவர் சரிபார்க்க வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. ஐம்பது வயதிருக்கும். ஊரில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவர். விளம்பரத்தின் கடைசியில் பொடி எழுத்தில் வந்து மறையும் "இதற்குப் பணம் செலுத்தியவர்" என்ற வரியை நான் நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். அவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். துப்பாக்கியைத் 'துவக்கு' என்பார். முதல் நாள் எனக்கு அது புரியவில்லை. 'தொடங்கு' என்று சொல்கிறார் என்று நினைத்து ப்ளே பட்டனை அழுத்திவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தோம்.

ஆரம்பத்தில் எங்களுக்கு எல்லாமே வேடிக்கைதான். தலை நரைத்த வேட்பாளர் ஒருவர் வயலில் நின்று சட்டப்புத்தகம் மாதிரி ஒன்றைச் சுட்டுத் துளைப்பார். இன்னொரு விளம்பரத்தில் வீட்டில் தனியாக இருக்கும் பெண், கண்ணாடி உடையும் சத்தம், இருட்டு. அடுத்ததில் ஆளில்லாத வகுப்பறை, ஒரு சின்னப் பிள்ளையின் பை. இரண்டு பக்கத்துக்கும் பின்னணி இசை ஒன்றுபோலவே இருக்கும். ஒருநாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "இசையை மட்டும் போடும், நான் எந்தப் பக்கம் எண்டு சொல்லுறன்" என்றார். பத்தில் பாதிகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு ஒரு தம்பி. அமெரிக்காவின் தெற்கே ஒரு சின்ன ஊரில் பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடையில் காசாளர். நாங்கள் மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவருக்கு விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும், கடையில் ஆள் இருக்காது. அப்போது வீடியோவில் கூப்பிடுவார். அக்கா போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார். அவர் அங்கே சிப்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டே பேசுவார். நெற்றியில் எப்போதும் மெலிதாகத் திருநீறு இருக்கும். என்னைப் பார்த்தால், "என்ன தங்கச்சி, இண்டைக்கு எங்கட ஊரில ஆர் வெல்லுறான்?" என்று கேட்பார். கடையில் இருக்கும் டிவியிலும் அதே விளம்பரங்கள்தான் ஓடிக்கொண்டிருக்கும். சில சமயம் நான் காலையில் பார்த்து முடித்த விளம்பரத்தின் குரல் அவர் முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அக்கா, முதலாளி காசுப்பெட்டிக்குக் கீழ ஒரு துவக்கு வச்சிருக்கிறார். எனக்கு எப்பிடிச் சுடுறதெண்டு காட்டித் தரப் போறாராம்."

அக்கா சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். "நீ என்ன சொன்னனீ?"

"வேண்டாம் எண்டுட்டன். அதைத் தொட்டா நித்திரை வராது எண்டு சொன்னனான்."

அவர்களுடைய மூத்த அண்ணன் சண்டைக் காலத்தில் போனவர். எந்தப் பக்கத்துக் குண்டு என்றுகூடத் தெரியாது என்று அக்கா ஒரு தடவை சொன்னார். மிச்சமிருந்த ஒரே ஆண்பிள்ளையை, இருந்த காணியை விற்று, எத்தனையோ நாடு சுற்றி அனுப்பிவைத்தார்கள். பதினொரு வருஷமாக அவரை நேரில் பார்க்கவில்லை. போன் திரையில் பார்த்ததுதான்.

அது ரமலான் மாதம். எங்களுக்கு டூட்டி நேரம் குறைவு. நான் நோன்பு என்பதால் அக்கா மதியம் பேன்ட்ரியில் தனியாகப் போய்ச் சாப்பிடுவார். அன்று போனவர் சீக்கிரமே திரும்பி வந்து உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டினார். கையிலிருந்த விளம்பரத்தை முடித்தார், படிவத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார், அனுப்பினார். அதற்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, தம்பியைச் சுட்டுட்டாங்களாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரை? எங்கேக்கா?"

"கடையில. காசைக் குடுத்திட்டானாம். குடுத்த பிறகுதான் சுட்டவங்களாம். மச்சாள் போன் எடுத்துச் சொன்னவள்."

மச்சாள் என்றது தம்பியின் மனைவியை; அவளும் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள். அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருந்தாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் அழவில்லை. "அவனுக்கு இண்டைக்கு லீவு. இன்னொருத்தனுக்காகப் போனவன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அமெரிக்கா போக விசா கிடைக்குமா என்று அவர் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேட்டாலும் எத்தனை மாதம் ஆகுமோ. இறுதிச் சடங்கை அக்காவின் ரூமில், கட்டிலில் உட்கார்ந்து, போனில் பார்த்தோம். அங்கே யாரோ கையில் பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. பாதி நேரம் கூரைதான் தெரிந்தது. மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். நாலாவது நாள் ஏழு மணிக்கு அக்கா தன் இடத்தில் இருந்தார். வேறு பிரிவுக்கு மாற்றித் தரக் கேட்கலாமே என்று நான் சொன்னேன். "எந்தப் பிரிவுக்குப் போனாலும் அவன் வரப் போறானோ?" என்றார்.

சில மாதம் போனது. தேர்தல் நெருங்க நெருங்க விளம்பரங்கள் மழை மாதிரிக் கொட்ட ஆரம்பித்தன. ஒரு காலை, நான் பார்க்க வேண்டிய வரிசையில் துப்பாக்கி உரிமைக்காரர்களின் விளம்பரம் ஒன்று வந்தது. முப்பது வினாடி. முதலில் ஒரு கடையின் உட்புறம். கூரையில் மாட்டிய காமிரா எடுத்த சாம்பல் நிறப் படம். காசுப்பெட்டிக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். திரும்பிச் சிகரெட் அடுக்கை எதற்கோ பார்க்கிறார். கதவு திறக்கிறது. தொப்பி போட்ட ஒருவன் உள்ளே வருகிறான். கடையில் நிற்பவர் தலையை நிமிர்த்துகிறார். நெற்றியில் ஒரு வெளிறிய கோடு.

நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் அக்கா வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையைச் சின்னதாக்கி, சத்தத்தைக் குறைத்து, மிச்சத்தைப் பார்த்தேன். சுடுவதற்கு முன்னால் படம் கறுப்பாகிவிட்டது. ஓர் ஆண் குரல் கேட்டது: "அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?" அடுத்து ஒரு பெண் வேட்பாளரின் படம். இவர் உங்கள் துப்பாக்கியைப் பறிக்க நினைக்கிறார், இவரைத் தோற்கடியுங்கள் என்றார்கள். தம்பியின் பெயரை எங்கும் சொல்லவில்லை. 'ஒரு கடை ஊழியர்', அவ்வளவுதான்.

நான் படிவத்தை நிரப்பினேன். சரிபார்க்க அக்காவுக்குப் போக வேண்டியதை, எதிர் வரிசையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரப் பெண்ணுக்கு மாற்றி அனுப்பினேன். ஏன் என்று அவள் கேட்டாள். அக்காவுக்கு வேலை அதிகம் என்று பொய் சொன்னேன். அன்று மட்டுமில்லை. அதே விளம்பரம் நாலைந்து ஊர்களில் ஓடியது. ஒவ்வொரு தடவையும் இதையே செய்தேன். நல்லதைத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அக்கா காலையில் வந்து பையைக்கூட வைக்காமல் நின்றார்.

"நீர் பாத்தனீரோ?"

எதை என்று நான் கேட்டிருக்கலாம். ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"மச்சாள் ராத்திரி எடுத்தவள். பிள்ளை டிவியில தகப்பனைப் பாத்திட்டுக் கத்தினதாம். நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருந்து ஒவ்வொரு விளம்பரமும் பாக்கிறம். எனக்கு மட்டும் அது வரேல்லை. அப்ப நீர் பாத்தனீர்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் அக்கா…"

"எனக்குக் கஷ்டம் வராமப் பாக்க நீர் ஆர்?" குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவனைக் கடைசியா உயிரோட காட்டுற படம் அது. அதை அந்த ஊர் முழுக்கப் பாக்குது. எனக்குப் பதிலா இஞ்ச வேற ஆரோ பாத்துச் சரிபாக்கினம். நான் பாக்கக் கூடாதோ?"

நான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா ஹெட்போன் போடாமல், சத்தமே இல்லாமல் பார்த்தார். முதல் சில வினாடிகளை மட்டும் பார்த்தார். திரும்ப முதலில் இருந்து. திரும்பவும். தம்பி சிகரெட் அடுக்கைத் திரும்பிப் பார்க்கும் இடத்தில் ஒரு தடவை நிறுத்தினார். "மெலிஞ்சு போயிருந்தவன், என்ன?" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "துவக்கு இருந்தது பிள்ளை. காசுப்பெட்டிக்குக் கீழ இருந்தது. இவையள் 'இருந்திருந்தால்?' எண்டு கேக்கினமாம், மச்சாள் சொன்னவள்."

அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

அன்று மாலையே அக்கா அந்த அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் படித்தேன். கோபமாக ஒரு சொல் கிடையாது. நான் அவருடைய அக்கா, எங்களிடம் யாரும் கேட்கவில்லை, அவருடைய மகள் அந்த ஊரில்தான் இருக்கிறாள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். அமைப்பின் இணையதளத்தில் இருந்த பெட்டியில் அதைப் போட்டு அனுப்பினார். உடனே பதில் வந்தது. தானாகப் போகும் பதில். உங்கள் ஆதரவுக்கு நன்றி, நம் உரிமையைக் காக்கும் இந்தப் போராட்டத்தில் இன்றே நன்கொடை தாருங்கள் என்று. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டாரல்லவா, அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை நன்கொடை கேட்டு அவருக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

இரண்டு வாரத்தில் இன்னொரு விளம்பரம் வந்தது. இந்தத் தடவை கட்டுப்பாடு கேட்கும் பக்கத்திலிருந்து. அது நேராக அக்காவின் வரிசையில்தான் வந்தது. கடை வாசலில் பூங்கொத்துகள். தம்பியும் மச்சாளும் மகளும் கடற்கரையில் நிற்கும் போட்டோ. பிறகு மச்சாளே வந்தாள். ஒரு சோபாவில் உட்கார்ந்து, திக்கித் திக்கி ஆங்கிலத்தில், "அந்தத் துப்பாக்கி அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்" என்றாள். அடுத்து வேறொரு வேட்பாளரின் படம். துப்பாக்கிக்காரர்களிடம் காசு வாங்கியவர், இவரைத் தோற்கடியுங்கள் என்றார்கள்.

அக்கா அப்படியே எழுந்து மாடிப்படிக்குப் போய் மச்சாளுக்குப் போன் போட்டார். நானும் பின்னால் போனேன்.

"நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்தனியோ?"

ஸ்பீக்கரில் மச்சாளின் குரல் சின்னதாகக் கேட்டது. "ஓம் மச்சாள். அவையள் வந்து மூண்டு மணித்தியாலம் என்னோட இருந்தவை. சாப்பாடு கொண்டந்தவை. என்னோட சேந்து அழுதவை. வேற ஆர் வந்தது சொல்லுங்கோ?"

"அவன்ர படத்தைக் காட்டி வோட்டுக் கேக்கினம், அது உனக்கு விளங்கேல்லையோ?"

"விளங்குது. மற்றவங்கள் கேக்காமலே எடுத்தவங்கள். இவையள் கேட்டுத்தான் எடுத்தவை. எனக்கு அது போதும். சும்மா செத்தவன் எண்டு இருக்கக் கூடாது மச்சாள்."

அக்கா, "சாப்பிட்டனியோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மேலே வந்து படிவத்தை நிரப்ப உட்கார்ந்தார். யார் யார் முகம் காட்டுகிறார்கள் என்ற கட்டம் ஒன்று உண்டு என்றேனே. அதில் அரசியல்வாதிகள், பிரபலங்கள் பெயரை மட்டும்தான் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு 'பொதுமக்கள்' என்று போட்டால் போதும். அக்கா அதில் தம்பியின் முழுப்பெயரையும் எழுதினார், தகப்பன் பெயரோடு, பிறந்த ஊரோடு. பிறகு பழைய விளம்பரத்தைத் தேடி எடுத்தார். நான் 'பொதுமக்கள்' என்று போட்டிருந்த இடத்தில் எல்லாம் அதே பெயரை எழுதினார். தொனி என்ற கட்டத்தைப் புதியதில் நிரப்பாமல் விட்டார், பழையதில் நான் போட்டிருந்ததை அழித்தார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கேரளாவைச் சேர்ந்தவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திவிட்டுத் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "எனக்கு அவங்களோட துக்கம் தெரியும். ஆனா இது கஸ்டமருக்குப் போற டேட்டா. தலைமை ஆபீஸில் இருந்து கேக்குறாங்க. நீதான் செக்கர். நீ சரி பண்ணு. நான் அவங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்."

"அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? நீ பண்ணினா அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

என் கணவருடைய மொபைல் கடை அப்போது மூடும் நிலையில் இருந்தது. பிள்ளையின் ஸ்கூல் பீஸ் என் சம்பளத்தில்தான் ஓடியது. இதையெல்லாம் அந்த அறையில் நின்றபடி நான் யோசித்தேன் என்று சொன்னால் முழு உண்மை இல்லை. உண்மையில் நான் அதிகம் யோசிக்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அக்கா பேன்ட்ரிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அந்தப் பெயரை ஒவ்வொரு படிவத்திலும் அழித்துவிட்டுப் 'பொதுமக்கள்' என்று போட்டேன். ஒரு விளம்பரத்துக்குத் தொனி 'பயம்'. இன்னொன்றுக்கு 'சோகம்'. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா திரும்பி வந்து எனக்கு ஒரு கப் சுலைமானி டீ கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

தேர்தல் வந்தது, போனது. அந்தத் தொகுதிக்காக இரண்டு பக்கமும் அத்தனை கொட்டியும், முன்பு இருந்தவரே மறுபடி வந்தார். எங்கள் ஆபீஸில் வழக்கம்போலப் பாதிப் பேரைக் குறைத்தார்கள். தேர்தல் முடிந்தால் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாவிட்டால் எங்களுக்கும் வேலை இல்லை. அக்காவின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. என் பெயர் இல்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலம் அவருக்கு ஓமனில் சோஹார் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று என் கணவர் வேனில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். நானும் அக்காவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெட்டி, ஒரு குக்கர், அவ்வளவுதான் சாமான். இனிச் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

"அக்கா, தம்பி பேரை அழிச்சது நான்தான்."

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் பிள்ளை. அடுத்த நாளே போய்ப் பாத்தனான். ஆர் மாத்தினதெண்டு அதிலயே இருக்குமெல்லே."

"ஏன் ஒண்ணுமே கேக்கலை?"

"என்னத்தைக் கேக்கிறது? உமக்கும் ஒரு பிள்ளை இருக்கு." பிறகு, "ஆனா நோகத்தான் செய்தது" என்றார்.

நான் அழுதேன். என் கணவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அக்கா என் தலையைத் தடவவோ, பரவாயில்லை என்று சொல்லவோ இல்லை. சொல்லாததுதான் நியாயம் என்று இப்போது நினைக்கிறேன். பஸ் ஏறும்போது, "போன் எடும், என்ன" என்று மட்டும் சொன்னார்.

எடுத்தேன். முதலில் வாரம் ஒரு தடவை, பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. பேச்சு ஊர்க் கதையாகவும் சமையலாகவும் மாறியிருந்தது. அடுத்த வருஷம் ஒருநாள் அவரே கூப்பிட்டார். மச்சாளின் மாநிலத்தில், துப்பாக்கி வாங்குகிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்க ஒரு மசோதா வந்திருக்கிறதாம். சட்டசபைக் குழு ஒன்று பொதுமக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறதாம். மச்சாள் தானே போய்ப் பேசப் போகிறாளாம்.

"அந்த அமைப்புக்காரர் எழுதித் தாறம் எண்டவையாம். இவள் வேண்டாமாம், தான் சொல்லுறதைத்தான் சொல்லுவாளாம். தமிழில பேசி எனக்கு அனுப்பியிருக்கிறாள். நான் இங்கிலிசில ஆக்கோணும். ரெண்டு நிமிசம்தான் குடுப்பினமாம் பிள்ளை. நீர் ஒருக்காக் கேட்டு நேரம் பாரும்."

நேரம் பார்ப்பது எங்கள் இருவருக்கும் கைவந்த வேலை. வெள்ளிக்கிழமை, இரண்டு பேருக்கும் லீவு. ஜும்ஆ தொழுகைக்குக் கணவர் போயிருந்த நேரத்தில் சமையலறை மேடையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மச்சாள் பேசியது ஏழு நிமிஷம். தம்பி கடையில் மிச்சமாகிற வாழைப்பழத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது, மகளுக்குச் சைக்கிள் பழக்கியது, அன்று லீவாக இருந்தும் இன்னொருவருக்காகப் போனது, காசைக் கொடுத்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு நின்றது, போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டும்போது அவள் அவருக்காகத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்ல, நான் நேரம் பார்த்தேன். நாலு நிமிஷம் வந்தது. வாழைப்பழத்தை எடுத்தோம். மூன்றரை. தேங்காயை எடுத்தோம். சைக்கிளை எடுக்கலாமா என்று நான் கேட்டேன். அக்கா அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, "எடும்" என்றார்.

எத்தனை வெட்டியும் இரண்டு நிமிஷத்துக்குப் பத்து வினாடி கூடவே இருந்தது. வேகமாகப் படிக்கச் சொல்லலாம் என்று விட்டுவிட்டோம்.

கூட்டத்தின் வீடியோ அடுத்த வாரம் அந்தச் சட்டசபையின் இணையப் பக்கத்திலேயே வந்தது. அக்கா சோஹாரிலும் நான் ஷார்ஜாவிலும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு, போனில் இருந்தபடி பார்த்தோம். நீளமான மேசையில் பத்துப் பன்னிரண்டு பேர். எதிரே ஒரு சின்ன மேசை, ஒரு மைக். மச்சாளுக்கு முன்னால் பேசியவர்கள் இரண்டு பேர் கோட் போட்டவர்கள். அவர்களைக் குழுத் தலைவர் பெயர் சொல்லிச் சிரித்து வரவேற்றார், அடிக்கடி அங்கே வருகிறவர்கள் போல. சேலை கட்டி வந்திருந்த மச்சாளின் பெயரைப் படிக்க அவருக்கு வரவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டு, "நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றார். அவள் சொன்னாள். தன் பெயரைச் சொன்னாள், பிறகு கணவரின் பெயரைத் தகப்பன் பெயரோடு நிதானமாகச் சொன்னாள். அதிலேயே நாங்கள் எண்ணிவைத்த வினாடிகள் போய்விட்டன.

நன்றாகத்தான் படித்தாள். ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை. மேசையில் இருந்தவர்களில் ஒருவர் முழுநேரமும் அவளையே பார்த்தார். ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அவர் காசைக் கொடுத்துவிட்டார், கையை உயர்த்தினார்' என்ற இடத்துக்கு அவள் வந்தபோது மணி அடித்தது. அவள் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். மிச்சம் மூன்று வரி இருந்தது. அதைப் படிக்காமல் காகிதத்தை நாலாக மடித்து, "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மசோதா அந்தக் குழுவைத் தாண்டவே இல்லை. அது பிறகு தெரிந்தது. அன்று வீடியோ முடிந்த பிறகும் நாங்கள் இருவரும் போனை வைக்கவில்லை. அக்காவின் பக்கத்தில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அழுகிறாரோ என்று நான் காதை வைத்துக் கேட்டேன்.

கடைசியில் அவர்தான் பேசினார். "சீலையை வடிவாக் கட்டியிருந்தவள், என்ன பிள்ளை?"

"ஆமாக்கா," என்றேன். "ரொம்ப நல்லாக் கட்டியிருந்தாங்க."